மிளகு டின்னில் வைத்த லென்ஸ்

மாசி மாதத்து உச்சி வெயில். கட்டிலில் கொசுவலையைக் கட்டி, அதற்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மடியில் வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் ஒரு பழைய லென்ஸைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். மூச்சைக்கூட அளந்துதான் விடுகிறேன்.

பக்கத்து வீட்டு ராசம்மாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கையிலிருந்த சொம்பு அப்படியே நின்றுவிட்டது.

“ஏனுங்க, ஒடம்புக்கு ஆகலீங்களா? பட்டப்பகல்ல வலைக்குள்ள கெடக்கறீங்க?”

“ஒண்ணுமில்லீங்க. லென்ஸ் தொடைக்கறேனுங்க.”

“அதுக்கு எதுக்குங்க வலை? கொசு அதையுமா கடிக்குது?”

தூசி விழுந்துவிடக்கூடாது, அதற்காகத்தான் என்று விளக்கினேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். பெண்டாட்டி போன ஆறு வருஷத்தில் ஜெராக்ஸ்காரருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சாயந்திரத்துக்குள் தெரு முழுக்கப் பேச்சு. அதிலும் பாதி உண்மை இருந்தது, விடுங்கள்.

அந்த வலைக்குள் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில்தான், இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு மனிதனுக்கு நான் செய்துவந்த அநியாயம் எனக்குத் தெரிந்தது. அந்த மனிதன் என் மைத்துனன் பொன்னுசாமி. என் மகள் கோகிலாவின் கல்யாணத்துக்கு அப்போது மூன்று மாதம்கூட இல்லை. தாய்மாமன் வந்து மாலை எடுத்துக் கொடுத்தால்தான் மணவறையில் ஏறுவேன் என்று அவள் சொல்லியிருந்தாள். அவன் வந்து மன்னிப்புக் கேட்டால்தான் வாசல்படி மிதிக்க விடுவேன் என்று நான் சொல்லியிருந்தேன்.

கொஞ்சம் முன்னால் போய்த்தான் இதைச் சொல்லவேண்டும்.

கண்டக்டர் பார்த்த படங்கள்

எங்கள் மலைமேல், செம்மேட்டில் ஜெராக்ஸ் கடை போடுவதற்கு முன் நான் போட்டோக்காரன். நாமக்கல்லில் ஸ்டுடியோவை மூடிய ஒருவரிடமிருந்து வாங்கிய கேமரா, அதோடு வந்த ஒரே ஒரு லென்ஸ். அவ்வளவுதான் என் ஸ்டுடியோ. ரேஷன் கார்டுக்கு முகம், காதுகுத்து, சீமந்தம், புது டிராக்டர் எல்லாம் அந்த ஒரே கண்ணால்தான் பார்த்தேன்.

பிலிம் ரோல் முடிந்தால் மலையில் கழுவ வழியில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி நாமக்கல் போகவேண்டும். காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவேன். அவர் கவரை வாங்கிக்கொண்டு வரும்போதே பிரித்துப் பார்த்துவிடுவார். படம் என் கைக்கு வருவதற்குள் அவர் கருத்தும் வந்துவிடும்.

“அந்தத் தேவனூர் மாப்பிள்ளை கண்ணை மூடிட்டானுங்க. மறுக்கா எடுங்க.”

கோபம் வரும். எனக்கு எதற்கும் கோபம் வரும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் அப்பா ஊரைப் பார்த்துச் சொல்வதுபோல என்னைப் பார்த்துச் சொல்வார். அந்த லென்ஸை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது என்பது வீட்டில் சட்டம். என் மனைவி பாவாயி கேமரா பையைத் தூசி தட்டும்போதுகூட என்னைக் கூப்பிட்டு, “இங்கயே நின்னு பாத்துக்குங்க, அப்பறம் என்னையச் சொல்லப்படாது” என்பாள். நான் சிரித்துக்கொண்டே நின்று பார்ப்பேன். அது வேடிக்கை என்று அப்போது நினைத்தேன்.

அந்த லென்ஸில் எடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்த படம் கோகிலாவின் காதுகுத்து. பொன்னுசாமி மடியில் உட்கார்ந்து வாயைப் பிளந்து அழுகிறாள். அவனுக்கும் கண்ணில் தண்ணீர். குத்தினது அவளுக்கா இவனுக்கா என்று பார்த்தவர்கள் எல்லாம் கேட்பார்கள். பெரிதாக்கி, கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினேன்.

எதுவும் அண்டாத டின்

மிளகுக்காரன் வீட்டில் பெட்டகம் என்றால் அது மிளகு டின்தான். பட்டா, பத்திரம், கல்யாணப் பட்டு, பாகல் விதை எதுவானாலும் மிளகுக்குள் செருகி வைத்துவிட்டால் பூச்சி அண்டாது, கரையான் வராது. என் வீட்டிலும் அப்படி, பாவாயி பிறந்த வீட்டிலும் அப்படி. எங்கள் வீட்டுப் பத்திரத்தை எந்த ஆபீசில் நீட்டினாலும் அங்கே ஒருவர் தும்முவார்.

கோகிலாவுக்கு மூன்று வயதிருக்கும். அந்த வருஷம் மிளகு நல்ல காய்ப்பு. முற்றத்தில் பாயில் காய்ந்துகொண்டிருந்தது. மிளகு காய்ந்ததா என்று பார்க்க மீட்டர் எதுவும் வேண்டாம். கையில் அள்ளி மறுபடி பாயில் விட்டால் கலகலவென்று சத்தம் வரவேண்டும். பாவாயி அள்ளி விட்டுப் பார்த்தாள்.

“ஏனுங்க, இன்னும் சத்தம் வரலீங்க. ரெண்டு வெயில் வேணும்.”

அன்று மத்தியானம் மேகம் இறங்கிவிட்டது. மழை வருமுன் அள்ளவேண்டும் என்ற அவசரத்தில், “காஞ்சது போதும், அள்ளு” என்று நானே டின்னில் கொட்டி மூடினேன்.

சித்திரையில் ஒரு நாள், சோளக்காட்டுப் பக்கம் வண்டியோடு சறுக்கி விழுந்து கால் முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு மாதக்கணக்கில் படுக்கை. கேமராவுக்கு வேலை இல்லை. மலையில் சும்மா கிடந்த பொருள் எதுவும் பூத்துப்போகும். கட்டிலில் இருந்தபடியே பாவாயிக்கு உத்தரவு போட்டேன்.

“லென்ஸக் கழட்டி மிளகு டின்னுல வை. ஒண்ணும் அண்டாது.”

பாவாயி துணியில் சுற்றி, சாமி காரியம்போல உள்ளே வைத்தாள். டின்னுக்குள் பாதி ஈரத்தோடு இருந்தது நான் கொட்டிய மிளகு. எனக்கு அது நினைவில்லை. நான் செய்த தப்பு எதுவும் எனக்கு நினைவிருப்பதில்லை.

பாதிச் சோறு

ஆடிப் பதினெட்டுக்கு மலை முழுக்கக் கூட்டம் வரும். அருவியில் குளித்துவிட்டு, ஈரத் துணியோடு போட்டோவுக்கு நிற்பார்கள். நான் அதற்கு முந்தின நாள்தான் கால் கட்டைப் பிரிக்க நாமக்கல் போகவேண்டியிருந்தது. பொன்னுசாமிக்கு அப்போது இருபத்து மூன்று வயது. என்னோடு சுற்றிக் கேமரா பிடிக்கப் பழகியிருந்தான். “டின்னுல லென்ஸ் இருக்குது மாப்ள, எடுத்துக்க. இந்த வருஷம் நீயே எடு” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

பத்து நாள் கழித்துக் கண்டக்டர் கவரைக் கொடுத்தபோது எதுவும் பேசவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. பிரித்துப் பார்த்தால் எல்லாப் படமும் கஞ்சித் தண்ணீருக்குள் எடுத்ததுபோல் இருந்தது. அருவி எது, ஆள் எது என்று தெரியவில்லை.

லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உள்ளே மூட்டம். முன் வளையத்தில் பளிச்சென்று புதுக் கீறல்கள். யாரோ திறந்திருக்கிறார்கள்.

பொன்னுசாமி அப்போது எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாவாயி சாமைச் சோறும் புளிக்குழம்பும் போட்டிருந்தாள். உறவுக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“தொறந்தியாடா இதை?”

அவன் நிமிர்ந்து அக்காவை ஒரு தரம் பார்த்தான். பிறகு தட்டைப் பார்த்தான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு நான் பேசியதை எல்லாம் இங்கே எழுத மாட்டேன். கடைசியில் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். “களவாணிக் கை. இனிமே எம் பொருளையும் தொடாத, எம் ஊட்டுச் சோத்தையும் தொடாத.”

அவன் தட்டிலேயே கை கழுவினான். பாதிச் சோறு அப்படியே இருந்தது. எழுந்து போய்விட்டான். பாவாயி கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவன் எங்கள் வாசலுக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிடாததோடு விட்டேனா என்றால் அதுவும் இல்லை. காதுகுத்துப் படத்தில் அவன் முகம் தெரியாதபடி, படத்துக்கு மேலே சுவரில் ஓர் ஆணி அடித்து, தினசரி காலண்டரை மாட்டினேன். வருஷா வருஷம் புதுக் காலண்டர் வரும். அதே ஆணியில் மாட்டுவேன். கோகிலா யாரோ ஒரு வேட்டியின் மடியில் உட்கார்ந்து அழுதுகொண்டேயிருந்தாள்.

பாவாயி ஒரு தரம் ஆரம்பித்தாள். “ஏனுங்க, அந்த லென்ஸப் பத்தி ஒண்ணு சொல்லோணும்...” அந்தப் பேச்சை எடுத்தால் நடக்கிறதே வேறு என்று கத்தினேன். பிறகு அவள் எடுக்கவில்லை. அவள் இறந்தபோது பொன்னுசாமி பிறந்த வீட்டுக் கோடி கொண்டுவந்து போர்த்தினான். வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுப் போனார்கள். அவன் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் தன் ஊர் வாசலூர்பட்டிக்குத் திரும்பிப் போனான். அன்றைக்கும் நான் அவனிடம் பேசவில்லை.

முகம் காட்டாத வாத்தியார்

கோகிலா கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். போன ஐப்பசியில் போன் செய்தாள்.

“அப்பா, நம்ம பழைய லென்ஸ் இருக்குதுங்களா? இங்க ஆபீஸ்ல ஒருத்தரு பழைய லென்ஸப் புதுக் கேமராவுல போட்டு எடுக்கறாருங்கப்பா. முகமெல்லாம் மெத்துன்னு வருது. எங் கல்யாணத்துக்கு அதுல எடுக்கலாமுங்களா? அம்மாவ எல்லாம் அதுலதான எடுத்தீங்க?”

பீரோவின் அடித்தட்டில் தேடி எடுத்தேன். இப்போது மூட்டம் மட்டும் இல்லை. உள்ளே வெள்ளை வெள்ளையாக இழை ஓடியிருந்தது. பூஞ்சை. கேமரா ரிப்பேர்காரர் இருவரிடம் போனில் கேட்டேன். ஒருவர் தூக்கிப் போடச் சொன்னார். இன்னொருவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது. நானே செய்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

என் வாத்தியார் போனுக்குள் இருந்தார். எந்த நாட்டுக்காரரோ தெரியாது. வீடியோவில் முகத்தைக் காட்டமாட்டார், கைகள் மட்டும்தான். பேசுவது எனக்கு ஒரு வார்த்தை புரியாது. என் வீட்டில் போன் பேச மட்டும்தான் எடுக்கும், நெட் கிடையாது என்பதால் காலையில் மேட்டுப் பலாமரத்தடிக்குப் போய் உட்கார்ந்து பார்ப்பேன். பனி மூடியிருக்கும். போன் கண்ணாடியைத் துண்டால் துடைத்துத் துடைத்துப் பார்ப்பேன். அவருடைய இடது சுண்டுவிரல் நகம் கொஞ்சம் கறுத்திருக்கும். ஒரு வீடியோவில் அந்த நகம் சரியாகியிருந்தது. எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

அவர் கையில் இருந்த சாமான் எதுவும் என்னிடம் இல்லை. வளையத்தில் இருக்கும் சின்ன வெட்டுகளில் கொடுத்துத் திருக, கோகிலா பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த ஜியாமெட்ரி பாக்ஸ் கவராயத்தை எடுத்து முனையைத் தேய்த்துத் தட்டையாக்கினேன். வழுக்கும் வளையத்தை ரப்பரை வைத்து அழுத்தித் திருப்பவேண்டும் என்று காட்டினார். தண்ணீர்த் தொட்டி அடைக்கும் ரப்பர் மூடி சரியாகப் பொருந்தியது. பூஞ்சைக்கு மருந்து, மெடிக்கலில் புண் கழுவக் கொடுக்கும் பெராக்சைடு.

கோகிலா எனக்கு வாங்கித் தந்த புதுக் கேமராவில் இதை மாட்ட நடுவில் ஒரு வளையம் வேண்டும். அதையும் அவளே ஆன்லைனில் ஆர்டர் போட்டாள். கொரியர்காரர் போன் செய்து, “சார், மலைக்கு மேலயா? கீழ வந்து வாங்கிக்குங்க சார்” என்றார். ஒரு வளையல் அளவுகூட இல்லாத பொருளுக்காக எழுபது வளைவு இறங்கி, எழுபது வளைவு ஏறினேன்.

முதலில் கடையில் செத்துக் கிடந்த ஜெராக்ஸ் மெஷினின் லென்ஸைப் பிரித்துப் பழகினேன். பிரிப்பது சுலபம். மாட்டினால் ஒரு வளையம் மிச்சம் இருந்தது. மறுபடி பிரித்தேன், இரண்டு மிச்சம் இருந்தது. அந்தக் கோபத்தில் முன்பெல்லாம் சுவரில் எறிந்திருப்பேன். பத்துத் தடவை பிரித்துப் பூட்டியபோது ஒன்றும் மிச்சமில்லை. வயது அறுபதை நெருங்கும்போது பொறுமை என்ற சாமான் என் கைக்கு வந்தது, அதுவும் இடுக்கியால் எடுத்து வைக்கும் அளவுக்குத்தான்.

இன்னொன்றும் வாத்தியாரிடம் கற்றேன். அவர் ஒரு நாள் மூடிய டப்பா ஒன்றைக் காட்டி, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, லென்ஸை வைத்து மூடி, விரலை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். மூடிய இடமும் ஈரமும் இருந்தால் பூஞ்சை வரும். எனக்கு டின் ஞாபகம் வந்தது. கொட்டிய மிளகு ஞாபகம் வந்தது. சேச்சே, திறந்தவன் அவனல்லவா என்று அந்த நினைப்பை ஒதுக்கினேன்.

இடது கட்டைவிரல்

ஈரக் காற்றில் பிரிக்கக்கூடாது என்பதால் மாசி வெயிலுக்குக் காத்திருந்தேன். முற்றத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. வலையைக் கட்டினேன். ராசம்மாள் வந்து விசாரித்துவிட்டுப் போன பிறகு, ரப்பரை வைத்து அழுத்தி முன் வளையத்தைத் திருப்பினேன். கழன்றது.

லேசாக மிளகு வாசனை வந்தது. முற்றத்திலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

முன் கண்ணாடியை எடுத்துத் திருப்பி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வெளியிலிருந்து சிலந்தி நூல்போலத் தெரிந்தது, உள்பக்கம் அப்படி இல்லை. பூஞ்சை ஒரே இடத்தில், கோழிமுட்டை வடிவத்தில், வரி வரியாக வளைந்து வளர்ந்திருந்தது.

என் தொழிலில் இதைத் தெரியாமல் இருக்க முடியாது. கடையில் பென்ஷன் மனு, பட்டா மனு என்று எத்தனை பேர் கட்டைவிரலை மையில் அழுத்திக் காகிதத்தில் வைத்திருப்பேன்! அது கைரேகை. யாரோ தொட்ட இடத்தில் விரலின் எண்ணெய்ப்பசை ஒட்டி, அந்தப் பசையைத் தின்று ரேகை ரேகையாகப் பூஞ்சை வளர்ந்திருக்கிறது.

பிடித்தேன் பொன்னுசாமி உன்னை என்றுதான் முதலில் நினைத்தேன். மகள் கல்யாணத்துக்கு முன் சாட்சி கிடைத்துவிட்டது என்று ஒரு திருப்திகூட வந்தது. இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தேன்.

ரேகைகளுக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கோடு. அந்தக் கோட்டில் மட்டும் பூஞ்சை இல்லை.

எனக்கு அந்தக் கோடு தெரியும். கல்யாணமான புதிதில் பாவாயி மரவள்ளிக்கிழங்கு அரியும்போது கத்தி நழுவி இடது கட்டைவிரலில் ஆழமாக இறங்கியது. தையல் போட என் வண்டியில்தான் கூட்டிப்போனேன். ஆறிய பிறகும் அந்தத் தழும்பு போகவில்லை.

வலையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். அவள் பெயரில் வாங்கிய மேல்காட்டுப் பத்திரம் வீட்டில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் அவளுடைய இடது கட்டைவிரல் ரேகை. குறுக்கே சாய்வாக அதே கோடு. பத்திரத்தையும் கண்ணாடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மறுபடி மறுபடி பார்த்தேன்.

திறந்தது பாவாயி. நான் ஈரத்தோடு கொட்டிய மிளகு, நான் வைக்கச் சொன்ன டின், அதில் வந்த மூட்டம். நான் பார்ப்பதற்குள் துடைத்து வைத்துவிடலாம் என்று திறந்திருக்கிறாள். எனக்குப் பயந்து. அதற்குப் பிறகும் பதினைந்து வருஷத்துக்கு மேல் என்னோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, எனக்குப் பயந்து சொல்லாமலே போய்விட்டாள். அழுகை வந்தது. வலைக்குள் மறுபடி போய் உட்கார்ந்து அழுதேன். ராசம்மாள் அந்த நேரம் எட்டிப் பார்க்காதது நல்லதாகப் போயிற்று.

அன்று அதைத் துடைக்கவில்லை. துடைத்தால் அவள் கை போய்விடும். துடைக்காவிட்டால் பூஞ்சை கண்ணாடியைத் தின்றுகொண்டேயிருக்கும். கண்ணாடியை வெள்ளைத் துணியில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

அன்னாசிக் கடையில்

வாசலூர்பட்டி ஏரியில் படகுக்கு நிற்கும் கூட்டத்துக்கு எதிரே பொன்னுசாமி அன்னாசிப்பழம் அறுத்து விற்கிறான். வண்டியை நிறுத்தியதைப் பார்த்தான். கத்தியைக் கீழே வைத்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. எதிரில் போய் நின்றேன்.

“வாங்க மாமா” என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். நேற்றுச் சாயந்திரம் பார்த்துப் பிரிந்ததுபோல்.

துணியைப் பிரித்துக் கண்ணாடியை நீட்டினேன். அவன் கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டான். ஆனால் வாங்கவில்லை. தொடாதே என்று சொன்னது நான்தானே.

“வாங்கிப் பாரு மாப்ள.”

விளிம்பில் பிடித்து வானத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

“அக்கா கைங்க.”

“உனக்குத் தெரியுமா?”

“நாந்தானுங்களே டார்ச் புடிச்சேன். கோகிலாக் கண்ணு என் இடுப்புல இருந்துச்சு. டின்னுல இருந்து எடுத்தா, உள்ள ஒரே மூட்டமுங்க. மாமா பாத்தா வெசனப்படுவாரு, ரெண்டு தொடை தொடைச்சுப் போடறேன்னுச்சு அக்கா. மொதல்ல தையக் கத்திரிய வச்சுத் திருகுச்சு, அது வழுக்கிப்போட்டுது. அப்பறம் ஹவாய்ச் செருப்ப வச்சு அமுத்தித் திருப்புச்சுங்க. கழண்டு வந்துருச்சு. ஆனா மூட்டம் இன்னும் உள்ளுக்குத் தள்ளி இருந்துச்சுங்க, அது போகல.”

“செருப்பா?”

“நல்லாக் கழுவி, தொட்டுக் கும்பிட்டுட்டுத்தானுங்க வச்சுது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகம் காட்டாத என் வாத்தியார் ரப்பரை வைத்துக் காட்டிய வித்தையை, இவள் எந்த வீடியோவும் பார்க்காமல் செருப்பை வைத்துச் செய்திருக்கிறாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

“அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னடா? நான் அத்தனை பேர் முன்னால அந்தப் பேச்சுப் பேசினனே!”

பொன்னுசாமி கத்தியை மறுபடி எடுத்தான். ஒரு பழத்தை எடுத்து, கொண்டையைச் சீவிக் கீழே போட்டான்.

“சொல்லியிருந்தா அக்காவப் பேசியிருப்பீங்க. நானாச்சும் எந்திரிச்சுப் போயிட்டனுங்க மாமா. அது எங்கீங்க போகும்?”

என் வாழ்நாளில் யாரும் என்னை அப்படி அடித்ததில்லை. அவன் குரலைக்கூட உயர்த்தவில்லை. ஏரியில் யாரோ படகு மோதிக்கொண்டு கூச்சல் போட்டார்கள். என் வீட்டில் எனக்குப் பயந்து ஒருத்தி வாழ்ந்திருக்கிறாள் என்பதும், அவளைக் காப்பாற்ற ஒருவன் தன் சோற்றை விட்டு எழுந்தான் என்பதும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து முதல் தடவையாக எனக்குப் புரிந்தது.

“மன்னிச்சுக்க மாப்ள. தப்பு பூரா என்னோடது.”

“அட, உடுங்க மாமா.”

“இதைத் தொடைக்கறதா வேண்டாமான்னு தெரியல.”

“தொடைச்சிருங்க. அக்கா அதைத் தொடைக்கத்தானுங்களே தொட்டுச்சு.”

டார்ச் பிடித்த கை

அன்றே அவனை வண்டியில் ஏற்றிக் கூட்டிவந்தேன். வாசலில் ஒரு நொடி நின்றான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். நேரே சுவரைப் பார்த்தான்.

“மாமா, இந்தப் போட்டோல நான் இருந்தனுங்களே?”

காலண்டரைக் கழற்றினேன். வெயில் படாத அந்தப் பாதி மட்டும் பளிச்சென்று இருந்தது. கண்ணில் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தான் இருபத்து சொச்சம் வயதுப் பொன்னுசாமி.

சாமைச் சோறு வடித்து, புளிக்குழம்பு வைத்தேன். குழம்பில் உப்புக் கூடிவிட்டது. ஒன்றும் சொல்லாமல் தட்டு காலியாகும்வரை சாப்பிட்டான். மோர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

மறுநாள் காலை வெயில் ஏறியதும் இருவரும் வலைக்குள் உட்கார்ந்தோம். அவன் டார்ச் பிடித்தான். பஞ்சுக் குச்சியை மருந்தில் தோய்த்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டம் வட்டமாகத் துடைத்தேன். வெள்ளை இழைகள் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தன. ஜன்னலில் ராசம்மாள் தெரிந்தார்.

“இப்ப ரெண்டு பேரு ஆயாச்சுங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

துடைத்து முடித்துக் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தோம். பூஞ்சை முழுதும் போய்விட்டது. ரேகை போகவில்லை. பூஞ்சை பல வருஷம் இருந்தால் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும், அந்த வடு எந்த மருந்துக்கும் போகாது என்று வாத்தியாரின் விரல்கள் ஒரு வீடியோவில் காட்டியிருந்தன. அவர் அங்கே உதட்டைப் பிதுக்கியிருப்பார். நாங்கள் இருவரும் மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வைகாசியில் கல்யாணம். பொன்னுசாமி சீர்த்தட்டோடு முன்னால் நடந்துவந்தான். தட்டில் நிறைய அன்னாசி. கோகிலாவின் கையில் மாலையை எடுத்துக் கொடுக்கும்போது காதுகுத்தில் அழுததுபோலவே அழுதான். நான் அந்த லென்ஸில் எடுத்தேன். இந்தத் தடவை அவன் முகத்தை எதுவும் மறைக்கவில்லை.

கல்யாணத்துக்கு வந்திருந்த கேமராக்காரத் தம்பி என் கேமராவை வாங்கிப் படங்களைத் தள்ளிப் பார்த்தான். மணவறை விளக்குக்கு நேராக எடுத்த படங்களில் எல்லாம் ஓரத்தில் லேசாக ஒரு வெளிச்சப் புகை. லென்ஸைத் திருப்பி உற்றுப் பார்த்தான்.

“சார், உள்ள யாரோ கை வச்ச மாதிரி இருக்குதுங்க. குடுங்க, தொடைச்சுத் தாரேன்.”

பக்கத்தில் பொன்னுசாமி நின்றிருந்தான்.

“தொடைச்சாச்சு தம்பி” என்றேன்.